நூறு சதவீத ரிசல்ட், மூன்று மணிக்கு விழிப்பு

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. தனியார் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாக ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். என் வகுப்பில் இதுவரை யாரும் ஃபெயில் ஆனதில்லை. போன மே மாதம் ஏழு பிள்ளைகள் சென்டம். கரஸ்பாண்டன்ட் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எப்போது வீட்டுக்குப் போவோம் என்றுதான் இருந்தது.

இப்போதெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டினால் வயிற்றைப் பிசைகிறது. தலைவலி மாத்திரை போடாத சாயங்காலம் இல்லை. கூட்டிப் போட்ட மார்க்கை மூன்று தடவை சரிபார்க்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பார்க்கிங்கில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, மாடி ஏற மனசில்லாமல் பதினைந்து இருபது நிமிடம் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால், "உங்க மிஸ்ஸைக் கேளு" என்கிறேன்.

என்னை எழுத வைத்தது வேறு. போன வாரம் ஒரு பெண் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து இன்டக்ரேஷனில் சந்தேகம் கேட்டாள். சுமாராகப் படிக்கிற பெண். "நீ பாஸ் பண்ணினாலே போதும், உனக்கெதுக்கு இந்த அஞ்சு மார்க்?" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. வருத்தம் வரவில்லையே என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

வேலையில் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். "மே மாச லீவு விட்டா சரியாயிடும்" என்கிறார் கணவர். போன மே மாதமும் அப்படித்தான் நினைத்தேன். இது சோம்பலா, திமிரா, வயசா? வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், சென்னை-61

பதில்:

அன்புள்ள டீச்சர்,

சோம்பேறிகள் மார்க்கை மூன்று தடவை கூட்டிப் பார்ப்பதில்லை. திமிர் பிடித்தவர்கள், தங்களுக்கு வருத்தம் வரவில்லையே என்று பயந்துபோய் டாக்டருக்குக் கடிதம் எழுதுவதில்லை. அதனால் அந்த இரண்டையும் விட்டுவிடுவோம். வயசு என்று மூன்றாவதாகக் கேட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தால் பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தால் உள்ளுக்குள் வற்றிப்போகிற நிலையின் தொடக்கத்தில், தொடக்கத்தைக் கொஞ்சம் தாண்டியே கூட, நீங்கள் இருப்பதாகத்தான் தெரிகிறது. உங்களைக் குழப்புவது ஒரே ஒரு விஷயம்: ரிசல்ட் நன்றாக இருக்கிறது. வேலை கெடவில்லை என்றால் நமக்கு எப்படி இது வரும் என்று நினைக்கிறீர்கள்.

நன்றாக வேலை செய்கிறவர்களுக்குக் கடைசியாகக் கெடுவதே வேலைதான். வீட்டுக் கடன் தவணையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. பேங்க் மேனேஜர் கண்ணில் அவர்கள் தங்கமான வாடிக்கையாளர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் வளையல் ஒரு கடையில், செயின் இன்னொரு கடையில் என்று ஒவ்வொன்றாக அடகுக்குப் போயிருக்கும். உங்கள் ரிசல்ட் அந்தத் தவணை. தூக்கம், மகளோடு உட்காரும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், பிள்ளைகள் மேல் இருந்த பிரியம் எல்லாம் அடகுக்குப் போய்விட்டன. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றால் ரிசல்ட் விழ வேண்டும். அது விழுகிற நாளில் நீங்கள் கட்டிலை விட்டு எழ முடியாமல் இருப்பீர்கள்.

இது திறமை குறைந்தவர்களுக்கு வருவது என்று நம் ஊரில் ஓர் எண்ணம் உண்டு. 1974-இல் இதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களோடு தானும் வேலை பார்த்தபடி கவனித்து எழுதினார். சம்பளத்துக்காக வந்தவர்கள் இல்லை அவர்கள். இரவு பகல் பாராமல் தங்களைக் கொடுத்தவர்கள். ஈடுபாடு அதிகம் உள்ளவர்தான் இதில் முதலில் மாட்டுகிறார் என்பது அவர் கண்டது. பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பேராசிரியை, சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-இல் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். பிற்பாடு ஆசிரியர்களுக்கென்றே அதில் தனியாக ஒரு வடிவம் வந்தது. அவர்கள் சொன்ன அடையாளங்கள் மூன்று. உள்ளே எல்லாம் வற்றிப்போன களைப்பு, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்கள் மேலேயே வரும் அலுப்பும் குத்தலும், என்ன செய்தாலும் ஒன்றும் சாதிக்கவில்லை என்கிற எண்ணம்.

மூன்றுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. களைப்பைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசியதை வைத்து நீங்கள் கெட்ட ஆசிரியை ஆகிவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் மேல் அக்கறை காட்டுவதற்கும் மனசுக்குள் ஏதோ கொஞ்சம் செலவாக வேண்டும். கையில் ஒன்றும் இல்லாதபோது மனசு தானாகவே ஆளைச் சுருக்கிவிடுகிறது. பெயர் போய் 'பாஸ் கேஸ்', 'சென்டம் கேஸ்', 'ஸ்லோ லேர்னர் பேட்ச்' என்று ஆகிவிடுகிறது. வார்டில் நோயாளியை 'பெட் நம்பர் பன்னிரண்டு' என்று சொல்லத் தொடங்கும் நர்ஸ், கிளையன்ட்டின் பெயரைக் கேட்டாலே கேலி பேசும் சோழிங்கநல்லூர் ஐ.டி. கம்பெனி டீம் லீட் எல்லோருக்கும் இதே கதைதான். அந்த நேரத்தில் அது ஒரு தற்காப்பு. ஆனால் நீண்ட நாள் நீடித்தால் குணம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு இன்னும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் அவள் முகம் சுண்டியதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

மேடை விஷயம் இன்னும் நுட்பமானது. உங்களைப் போன்றவர்களிடம் நான் முதலில் கேட்பதே, கடைசியாக ஒரு நல்ல செய்தி வந்தபோது எப்படி இருந்தது என்றுதான். சந்தோஷம் என்று பதில் வந்தால் நிம்மதி. "அப்பாடா, முடிஞ்சுது" என்று வந்தால் கவனிக்க வேண்டும். "அடுத்த வருஷம் என்ன செய்யப் போறோமோ" என்று வந்தால் இன்னும் கவனிக்க வேண்டும். நீங்கள் 200-க்கு 200 காலத்திலிருந்து பாடம் எடுக்கிறவர். முதல் சென்டம் வந்தபோது வீட்டில் எத்தனை நாள் அதையே பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது ஏழு சென்டத்துக்கு ஒரு சாயங்காலம்கூட இல்லை. (மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பள்ளிக்கூட வாசலில் கட்டுகிற ஃப்ளெக்ஸை நிறுத்தத்தான் ஆள் இல்லை. அந்த ஃப்ளெக்ஸில் பிள்ளைகளின் படம் இருக்கும், அதன் பாரம் உங்கள் தோளில் இருக்கும்.)

மார்க்கை மூன்று தடவை கூட்டுவதை நீங்கள் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். கவனம் குறைகிறது என்று உள்ளே எங்கோ தெரிந்துவிட்டது, அதை ஈடுகட்டத்தான் மறுபடியும் கூட்டுகிறீர்கள். அரை மணியில் முடிந்த வேலை ஒரு மணி நேரம் ஆகும். வேலையின் தரம் குறையாது, ஆகும் நேரம்தான் கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "டீச்சர் எவ்வளவு சின்சியர்" என்றுதான் படும். திறமைசாலிகளிடம் நான் பார்க்கிற ஆரம்ப அடையாளங்களில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

சரி, வயசுக்கு வருகிறேன். 43 வயதில் களைப்பு, மூன்று மணி விழிப்பு, எரிச்சல் என்றால் உடம்பை முதலில் பார்க்காமல் மனசு என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும், சர்க்கரை ஏறியிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் தூக்கம் கலைவதும், இரவில் வியர்ப்பதும், சின்ன விஷயத்துக்கும் சுருக்கென்று கோபம் வருவதும் சகஜம். தேதிகள் முன்னே பின்னே ஆகிறதா என்று பாருங்கள். பலத்த குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். உங்கள் குடும்ப டாக்டரிடம் இந்த வாரமே போய் ரத்தப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தலைவலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண மாத்திரைதானே என்று தினமும் போடுகிறோம். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டே வந்தால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கிவிடும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாயங்காலக் காப்பியையும் விடுங்கள். காப்பியில் இருக்கிற கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரை மணி ஸ்பெஷல் கிளாஸுக்காகக் குடித்தது பத்தரைக்கும் பாதி உள்ளே இருக்கும்.

இன்னொன்று மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது நோய் என்று சேர்க்கவில்லை. வேலையில் நீண்ட நாள் அழுத்தம் இருந்து, அது சமாளிக்கப்படாமல் போவதால் வரும் நிலை என்றுதான் சொன்னது. டிப்ரஷன் அப்படி இல்லை. அது வேலை, வீடு என்று பார்க்காது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் உண்டு. அதனால் உங்களையே கேட்டுப் பாருங்கள். பள்ளி நினைப்பே இல்லாத ஒரு நாளில், உறவுக்காரர் கல்யாணத்திலோ மகளோடு பெசன்ட் நகர் போனபோதோ, சிரிப்பு வருகிறதா? வந்தால் பெரும்பாலும் பர்ன்அவுட்தான். இரண்டு வாரமாக எதிலுமே பிடிப்பில்லை, பசியில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது என்றால் டிப்ரஷனாக இருக்கலாம். அப்படியானால் கட்டாயம் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தால் நன்றாகக் குணமாகிற விஷயம் அது. செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

இனி, என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். மே மாத விடுமுறையை நம்பாதீர்கள். ஓய்வின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரத்திலேயே கரைந்துவிடும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். நீங்களும் ஒரு தடவை பார்த்துவிட்டீர்கள். யோகா, மூச்சுப் பயிற்சி எல்லாம் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் காலை நாலரைக்கு எழுந்து யோகா என்று இன்னொரு பீரியடை நீங்கள் டைம்டேபிளில் சேர்த்துக்கொள்வீர்கள், அதிலும் சென்டம் வாங்கப் பார்ப்பீர்கள். உங்களுக்கு இப்போது சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை, எடுக்க வேண்டியதுதான் இருக்கிறது.

எங்கே எடுப்பது? பேப்பர் கட்டில். இரண்டு செக்ஷன், செக்ஷனுக்கு 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். 90 பேப்பர். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 15 மணி நேரம். ஒவ்வொரு பேப்பரிலும் ஏழு ஐந்து மார்க் விடைகள், ஆக அதில் மட்டும் 630 விடைகளை வரிவரியாகப் படிக்கிறீர்கள். சனிக்கிழமை டெஸ்ட் வைத்தால் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வந்து விழும். வயிற்றைப் பிசையாமல் என்ன செய்யும்? ரிவிஷன் டெஸ்டையும் அரையாண்டையும் முழுசாகத் திருத்துங்கள். வாராந்தர டெஸ்டில் ஒரு மார்க் கேள்விகளைப் பிள்ளைகளே மாற்றித் திருத்தட்டும். ஐந்து மார்க்கில் எல்லோரும் தடுமாறும் இரண்டை மட்டும் நீங்கள் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குள் முடியும். பிள்ளைகளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் பேப்பரைத் திருத்தும்போது ஸ்டெப் மார்க் எங்கே போகிறது என்று அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

போனும் குறைய வேண்டும். பெற்றோர் குரூப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "அன்பான பெற்றோர்களே, பாடம் தொடர்பாக இரவு 7.30 முதல் 8.30 வரை என்னிடம் பேசலாம். மற்ற நேரத்தில் மெசேஜ் அனுப்புங்கள், மறுநாள் பதில் தருகிறேன்." காரணம் எதுவும் எழுத வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். முதல் வாரம் இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

நிர்வாகத்திடம் பேசுவது சிரமம்தான். "டயர்டா இருக்கு சார்" என்று போனால் "எல்லாருக்கும்தானே டீச்சர்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கணக்கு டீச்சர் கணக்கோடு போங்கள். ஒரு வாரம் காலை ஏழு மணியிலிருந்து எதற்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதி, "இரண்டு செக்ஷன், ஸ்பெஷல் கிளாஸ், ஸ்லோ லேர்னர்ஸ் பேட்ச். இந்த மூன்றில் எந்த இரண்டை நான் பார்க்கட்டும் சார்?" என்று கேளுங்கள். நன்றாக வேலை செய்கிறவருக்கு நம் நிறுவனங்களில் கிடைக்கிற பரிசு இன்னும் கொஞ்சம் வேலை. "நீங்க பார்த்தாத்தான் டீச்சர் சரியா வரும்" என்ற ஒரு வார்த்தையில் அதை வாங்கிக்கொள்கிறோம். மாஸ்லாக்கும் அவருடைய இன்னொரு சகாவும் பர்ன்அவுட்டுக்கு வேலைச்சுமையோடு இன்னும் ஐந்து காரணங்கள் சொன்னார்கள். தன் வேலையில் தனக்குச் சொல் இல்லாமை, தகுந்த அங்கீகாரம் இல்லாமை, உடன் வேலை செய்பவர்களின் ஆதரவின்மை, நியாயமின்மை, மனசாட்சிக்கும் வேலைக்கும் பொருந்தாமை. உங்களுக்கு இதில் எது அதிகம் குத்துகிறது என்று யோசியுங்கள். என் ஊகம் கடைசி இரண்டும். கணக்கு பிடித்துப்போய்ச் சொல்லிக் கொடுக்க வந்தவர் நீங்கள். இப்போது புக் பேக் ஒன் மார்க்கை ஒப்பிக்க வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சில தனியார் பள்ளிகளில் "முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் பார்த்துக்கறோம்" என்பார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் யாரையும் கேட்காமல் நீங்களே செய்யக் கூடியவற்றை முதலில் சொன்னேன்.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு இப்போது பதில் தேட வேண்டாம். மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கும் மூளை எடுக்கிற முடிவு எதுவாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தூக்கம் ஓரளவு திரும்பட்டும், பொதுத்தேர்வு முடியட்டும். அப்போதும் விட வேண்டும் என்று தோன்றினால் விடலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை. பத்தொன்பது வருட அனுபவத்தோடு வேறு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் போய்ப் பழையபடி கலகலப்பான டீச்சர்கள் உண்டு.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. சார், ஆறுதல் சொல்வது போதாது. வாரத்தில் மூன்று நாள் இரவுச் சாப்பாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு கடையில் வாங்கினாலும் பரவாயில்லை. டீச்சர், பார்க்கிங்கில் உட்கார்ந்திருப்பதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் உங்களுக்கு ஓர் இடைவெளி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். அதைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளாமல், "நான் ஏழு மணிக்குத்தான் மேலே வருவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் தெருவை இரண்டு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

அந்த மாணவியை நாளைக்கே கூப்பிட்டு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். "அன்னைக்கு வேற டென்ஷன்ல பேசிட்டேன்மா" என்று ஒரு வரி போதும். அதற்கு மேல் நீட்டினால் பாவம், அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

இதையெல்லாம் ஆறு வாரம் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் நேரில் போங்கள். செலவு யோசனை இருந்தால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் புறநோயாளியாகப் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம் என்றதும் சிரிக்கப் பழக்கியது நம் சினிமா; அங்கே தூக்கம் வராதவர்களும் பரீட்சை பயக்காரர்களும்தான் தினமும் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் ரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டு, ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள். தைராய்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச். அளவையும் ஹீமோகுளோபினையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.